ஒரு டேங்க் பாக்கி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் சாப்பாட்டு மேசையில் குட்டி சொன்னது நினைவிருக்கும். "வேற ஊர்ல வேலை கெடச்சிருக்கு. சீக்கிரமே கிளம்பறேன்." சொல்லிவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் தட்டைப் பார்த்தான். வாயில் இருந்ததை நிதானமாக மென்று முழுங்கினான். பிறகு, "வண்டிக்கு டயர் மாத்தணும்" என்றான்.

அவ்வளவுதான். கூடப் பிறந்தவள் வீட்டை விட்டுப் போகிறாள் என்ற செய்திக்கு அந்த மனிதன் கொடுத்த பதில் அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்களை என்ன செய்வது?

ஊருக்கு அவன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டுக்குப் பெரியவன். குட்டிக்கு முப்பது தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை எழுப்பி நடக்க வைப்பது அவள் வேலை. இருந்தும் இந்த வீட்டில் அவள் குட்டிதான். பெரியவனின் மனைவி மழலையர் பள்ளியில் பாடம் எடுப்பதால் புருஷன் உட்பட எல்லோருக்கும் டீச்சர்.

வண்டி என்றால் ஏறி உட்கார்ந்து போகிற வண்டி இல்லை. ரிமோட்டில் ஓடும் மான்ஸ்டர் டிரக். நின்றால் முழங்காலுக்குக் கூட எட்டாது, ஆனால் உடம்புக்குப் பொருந்தாத பெரிய பெரிய சக்கரங்கள். பேட்டரியில் ஓடுகிற சாது இல்லை அது. நைட்ரோ கலந்த எரிபொருளைக் குடித்து, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணினால் புகை கக்கிக்கொண்டு தெருவையே எழுப்பிவிடும். அண்ணனும் தங்கையும் கூட்டாக வாங்கியது. ஞாயிற்றுக்கிழமையானால் மூடிக் கிடக்கும் ஃபர்னிச்சர் கம்பெனிக்குப் பின்னால் உள்ள சிமெண்ட் மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஸ்பானர் அவன் கையில், ரிமோட் அவள் கையில். வாய் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டே ஓட்டுவார்கள். அவர்கள் பேசிக்கொள்ளும் நேரமே அதுதான்.

"நான் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு டேங்க். நீயும் நானும். ஊத்தின எண்ணெய் தீர்ற வரைக்கும் நடுவுல நிக்காம ஓடணும். எனக்கு அது போதும்ணா" என்று குட்டி கேட்டிருந்தாள்.

வண்டியைப் பெட்டியிலிருந்து வந்தபடியே விட்டிருந்தால் ஓடியிருக்கும். பெரியவன் விட்டானா? போகிறவளுக்குப் பெரிதாக ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று அவன் மனசு கிடந்து தவித்தது. அதை வாயால் சொல்லத் தெரியாத ஜென்மம் ஆகையால் என்ஜினை மாற்றினான்.

பெரிய என்ஜின் போட்டதும் பிளாஸ்டிக் கியரின் பற்கள் வழித்தெடுத்த மாதிரி போயின. இரும்பு கியர் போட்டான். இரும்பு கியர் தாங்கியது, சக்கரத்துக்குப் போகும் தண்டு முறுக்கிக்கொண்டது. தடிமனான தண்டு போட்டான். தண்டு தாங்கியது, பின்பக்கக் கியர்பெட்டி நொறுங்கியது. ஓரிடத்தைப் பலப்படுத்தினால் உடைசல் அடுத்த இடத்துக்குக் குடிபெயர்ந்தது. அவனும் விடாமல் அதைத் துரத்திக்கொண்டே போனான். ஷாக் புதுசு, கிளட்ச் புதுசு, சைலன்சர் புதுசு. கடைசியில் பழையதாக மிஞ்சியது மேல்மூடியும் அதில் குட்டி வரைந்த கோணல் மின்னலும்தான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளை மறுநாள் குட்டி கிளம்புகிறாள். ஓடினால் இன்று ஓட வேண்டும்.

காலையில் பெரியவன் பல் தேய்த்துக்கொண்டே பின்வாசலுக்கு வந்தபோது கொட்டகைக்குள்ளிருந்து குட்டி வெளியே வந்தாள். கையில் ஒரு துண்டு. துண்டுக்குள் ஏதோ கனமாக இருந்தது.

"என்னது?" என்றான், வாய் நிறைய நுரையோடு.

"ஒண்ணுமில்ல."

"கொட்டகையில உனக்கென்ன வேலை?"

"ஏன், பாதி எனக்கும் சொந்தம்தானே?" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

மேலே கேட்கலாம் என்றால் வாயைக் கொப்பளிக்க வேண்டும். குழாயைத் திருகினான். திறக்கவில்லை. இரண்டு கையாலும் திருகினான். அப்போதும் திறக்கவில்லை.

"டீச்சர்! இந்தக் குழாயை யாரு இப்படி முடுக்கி வச்சது?"

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சொட்டுச் சொட்டாக எது ஒழுகினாலும் டீச்சருக்குத் தூக்கம் வராது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் திறந்து போட்டுவிட்டு ஓடும் குழாய்களை முடுக்கி முடுக்கி அவள் கை இரும்பாகிவிட்டது. இந்த வீட்டில் ஊறுகாய் ஜாடியிலிருந்து ஷாம்பு பாட்டில் வரை அவள் மூடியதை அவள்தான் திறக்க வேண்டும்.

"தள்ளுங்க" என்று வந்தாள். ஒரே திருகு. தண்ணீர் கொட்டியது. "ஆம்பளைக்கு இது கூட முடியல" என்று சொல்லிக்கொண்டே போர்வைகளைக் கொடியில் காயப்போடப் போனாள்.

பெரியவன் வண்டியை வெளியே எடுத்து வைத்தான். புது என்ஜினைப் பழக்குவது பச்சைக்குழந்தைக்குப் பால் புகட்டுவது மாதிரி. ஆரம்பத்தில் எரிபொருளைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். அதில் கலந்திருக்கும் எண்ணெய் உள்ளே நன்றாக ஓடும், சூடு ஏறாது. புகை மட்டும் மண்டும். கார்புரேட்டரின் தலையில் உள்ள சின்னத் திருகுதான் அந்த அளவைத் தீர்மானிப்பது. உள்ளே முடுக்கினால் எரிபொருள் குறையும், வெளியே தளர்த்தினால் கூடும். பல நாள் பாடுபட்டு அதைச் சரியான இடத்தில் நிறுத்தியிருந்தான். இடம் மாறிவிடக் கூடாதே என்று டீச்சரின் நகப்பாலிஷைத் திருடி, திருகின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளி என்று வைத்திருந்தான். இரண்டும் நேருக்கு நேர் நின்றால் எல்லாம் சரி.

கயிற்றை இழுத்தான். என்ஜின் பிடித்தது. நீலப்புகை எழுந்து நேரே கொடியை நோக்கிப் போனது.

"என்னங்க இது! இப்பதானே காயப்போட்டேன்!"

"புது என்ஜின். புகைதான் வரும். புகை வந்தாத்தான் நல்லது."

"எதுக்கு நல்லது? போர்வைக்கா? வாரம் பூரா இந்த வீட்ல தலைகாணி கூட வண்டி வாடை அடிக்குது!"

அதே நேரம் பார்த்து போன் அடித்தது. வேலையிடத்திலிருந்து. என்ஜினை அணைத்துவிட்டு வாசல் பக்கம் போனான். ஏதோ ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதாம். உள்ளே யாரும் இல்லை, நல்லவேளை. போனில் பேசியவர் அந்தக் கட்டடத்து எலக்ட்ரீஷியன்.

"நீங்க ஏதாவது மாத்துனீங்களா?"

"ஃபியூஸ் மாத்தினேன் சார். கூடவே கதவு சென்சாரும். அப்படியே அந்த ரிலேயையும்..."

"எத்தனை தடவை சொல்றது? ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். மூணை ஒண்ணா மாத்திட்டு எதால கெட்டுதுன்னு எங்கிட்ட கேட்டா நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்?"

இதைச் சொன்னது வேறு யாரும் இல்லை, வண்டியில் கை வைத்த இடமெல்லாம் மாற்றிய அதே பெரியவன்தான். அவனுக்கு அப்போது அது உறைக்கவில்லை. போனை வைத்துவிட்டு வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு, "குட்டி, வா" என்று மாடியைப் பார்த்துக் கத்தினான்.

மைதானத்துக்குப் போகிற வழியெல்லாம் அவனுக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. அங்கே வீடு எப்படி, தனியாக இருப்பாயா, ஏன் போகிறாய். "ரிமோட்ல பேட்டரி இருக்கா?" என்று கேட்டான். "இருக்கு" என்றாள் அவள். அவள் முகம் வாடியதை அவன் கவனிக்கவில்லை.

முதலில் என்ஜின் பிடிக்கவே இல்லை. கயிற்றை இழுத்தான், இழுத்தான், விரல் மடிப்பில் தோல் உரிந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்தான். வேறு பிளக் போட்டான். காற்று வடிகட்டியைக் கழற்றி ஊதினான். வெயில் பிடரியில் ஏறியது.

"பழைய என்ஜின்னா இந்நேரம் பாதி டேங்க் முடிஞ்சிருக்கும்" என்றாள் குட்டி.

"பழசைப் பத்திப் பேசாதே."

"ஏன் பேசக் கூடாது? நல்லாத்தானே ஓடிட்டிருந்துது? நான் ஒண்ணைக் கேட்டா நீ ஒண்ணைச் செய்யற. எப்பவும் இப்படித்தான்."

வெறுப்பில் அவன் ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தான். என்ஜின் பிடித்துக்கொண்டது.

ஐயோ, என்ன வேகம்! குட்டி விசையை அழுத்தினாள். வண்டி முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு பறந்தது. கோடியில் திரும்பி, சிமெண்ட் மேட்டில் ஏறி, அந்தரத்தில் போய் நான்கு சக்கரத்தில் இறங்கியது. கியர் தாங்கியது. தண்டு தாங்கியது. எல்லாமே தாங்கியது. குட்டி வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை நாள் ஆயிற்று அவள் சிரித்து! இதற்காகத்தானே இத்தனை பாடும் என்று பெரியவன் நினைத்தான். உடனே சொல்லிவிட வேண்டும் போலவும் இருந்தது. "மெதுவாத் திருப்பு" என்றுதான் கத்தினான்.

பிறகுதான் அவனுக்கு ஏதோ இடறியது. வண்டிக்குப் பின்னால் புகையே இல்லை. சத்தமும் சரியில்லை, மெலிந்து, உச்சத்துக்குப் போய், கீச்சென்று கத்தியது.

"நிறுத்து! குட்டி, நிறுத்து!"

அவள் நிறுத்துவதற்குள் அதுவே நின்றுவிட்டது.

ஓடிப் போய் விரலை எச்சிலில் நனைத்து என்ஜின் தலையில் ஒரு சொட்டு விட்டான். சுர்ரென்று போயிற்று. சூடு ஆறும்வரை காத்திருந்து கயிற்றை இழுத்தான். புது என்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது கயிறு கையைப் பிடித்து இழுக்கும். இப்போது எந்தப் பிடிப்பும் இல்லாமல் கயிறு சும்மா வந்தது. எண்ணெய் போதாமல் உள்ளே தேய்ந்துவிட்டது. வாரம் முழுக்கப் பாலூட்டி வளர்த்த என்ஜின் பத்து ரவுண்டு கூடத் தாங்காமல் செத்துப் போயிற்று.

குனிந்து கார்புரேட்டரைப் பார்த்தான். விளிம்பில் சிவப்புப் புள்ளி இருந்த இடத்தில் இருந்தது. திருகின் மேலிருந்த புள்ளி எதிர்ப்பக்கம் போய் நின்றது. யாரோ நன்றாக உள்ளே முடுக்கியிருக்கிறார்கள்.

அவன் மெல்ல நிமிர்ந்தான்.

"இந்தத் திருகை நீ தொட்டியா?"

"நான் எதுக்குத் தொடணும்?"

"காலையில கொட்டகையில என்ன பண்ணிட்டிருந்தே? துண்டுல எதை மறைச்சு எடுத்துட்டுப் போனே?"

குட்டியின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அந்த மௌனத்தை அவன் தப்பாகப் படித்தான்.

"உனக்குத்தான் இந்த என்ஜின் ஆரம்பத்துலேருந்தே புடிக்கலியே. வேணும்னே பண்ணியிருக்கே."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னவுடனே அவனுக்கே தெரிந்தது. ஆனால் எரிந்த என்ஜின் கண்ணெதிரே கிடக்கும்போது நல்ல வார்த்தை யாருக்கு வரும்?

குட்டி ரிமோட்டைத் தரையில் வைத்தாள். போடவில்லை, வைத்தாள். அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வேணும்னே பண்ணினேனா? சரி. நாளன்னிக்கு எதுக்கு? இன்னிக்கே கிளம்பறேன்."

போனை எடுத்து அங்கேயே நின்று வாடகைக் காருக்குச் சொன்னாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பெரியவன் வண்டியையும் ரிமோட்டையும் கருவிப்பெட்டியையும் ஒரே ஆளாகச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பின்வாசலில் டீச்சர் போர்வைகளை முகர்ந்து முகர்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"என்னங்க, குட்டி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு மேல போயிட்டா. வண்டி ஓடலியா?"

"எரிஞ்சு போச்சு."

"எது?"

"என்ஜின். வேறென்ன இருக்கு எரிய? என் வயிறுதான்."

"அதெப்படி? இன்னிக்குப் புகையே இல்லாம சுத்தமா ஓடியிருக்கணுமே!"

பெரியவன் கருவிப்பெட்டியைக் கீழே வைத்தான்.

"புகை இல்லைன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"நான்தானே முடுக்கினேன்" என்றாள் டீச்சர், பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி. "நீங்க போன் பேசப் போனப்ப பார்த்தேன். மேல இருந்த அந்தக் குட்டித் திருகு லூசா நின்னுது. அதான் கசிஞ்சு புகையா வருதுன்னு மஞ்சப்பிடி ஸ்குரூடிரைவரால ஒரு முடுக்கு விட்டேன். இங்க பாருங்க, போர்வையில ஒரு வாடை இருக்கா?"

ஒரு போர்வையை அவன் மூக்கருகே நீட்டினாள். வாடை இல்லைதான்.

அவனுக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. எங்கேயாவது போய் முட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. இந்த வீட்டில் ஒரு திருகைத் திருகாக இருக்க விடமாட்டார்களா? கத்துவதற்கு வாயைத் திறந்தவன், அவள் கண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

"குட்டிதான் பண்ணினான்னு சொல்லிட்டேன் டீச்சர். அதுவும் வேணும்னேன்னு."

டீச்சரின் கையிலிருந்த போர்வை நழுவித் தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"அவளையா சொன்னீங்க? அவளையா? அய்யய்யோ. தப்புப் பண்ணினது நான். நான் போய் அவகிட்டச் சொல்லிடறேன்." இரண்டு அடி வைத்துவிட்டு நின்றாள். "இல்ல. முடுக்கினது நான், அதை நான் சொல்லிக்கிறேன். ஆனா அவ வேணும்னே பண்ணினான்னு சொன்னது நீங்க. அதை நீங்கதான் போய்ச் சரிபண்ணணும்."

"என்னன்னு சொல்றது?"

"அதைக் கூட நானா சொல்லித் தரணும்? என் வகுப்புல நாலு வயசுப் பிள்ளைங்க சொல்லுதுங்க."

பெரியவன் எழுந்தான். எழுந்தவனுக்குச் சட்டென்று ஒரு யோசனை. பழைய என்ஜின்! பெட்டியிலிருந்து வந்த அதே என்ஜின், கழற்றித் துடைத்து மேல்தட்டில் வைத்திருந்தானே! நான்கு திருகு, ஒரு குழாய். கார் வருவதற்குள் மாட்டிவிடலாம். ஒரு டேங்க் ஓட்டிவிடலாம். மன்னிப்பை அந்த வண்டியே கேட்டுவிடும்.

கொட்டகைக்குள் பாய்ந்தான். மேல்தட்டில் என்ஜின் இல்லை. இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் வட்டமாக இருந்தது.

"டீச்சர், இங்க இருந்த பழைய என்ஜின் எங்க?"

"எனக்கென்ன தெரியும்?" என்றவள் கொஞ்சம் யோசித்தாள். "காலையில குட்டி பெட்டி அடுக்கிட்டிருந்தா. கம்பளிச் சாக்ஸுக்குள்ள எதையோ கனமா திணிச்சா. என்னம்மான்னு கேட்டதுக்கு, அங்க குளிரும் அண்ணின்னு சொன்னா. நானும் நம்பிட்டேன்."

துண்டுக்குள் இருந்தது அதுதான். எல்லாவற்றையும் அவன் மாற்றிப் போட்டுவிட்ட வண்டியிலிருந்து கழற்றி வைத்த அந்தப் பழைய என்ஜினை அவள் யாருக்கும் தெரியாமல் கூட எடுத்துக்கொண்டு போகிறாள். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் மைதானத்தில் வாயை மூடிக்கொண்டாள். பெரியவன் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே ஏறினான்.

கதவு திறந்துதான் இருந்தது. அலமாரி காலி. பெட்டி மூடிக் கட்டிலோரம் நின்றது. குட்டி ஜன்னலருகே நின்று, காருக்காகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவன் உள்ளே வந்து, உட்கார வேறு இடம் தேடாமல் பெட்டியைச் சாய்த்து அதன் மேலேயே உட்கார்ந்தான். உள்ளே கனமாக ஏதோ உருண்டது.

"டீச்சர்தான் முடுக்கினாளாம்" என்றான்.

"கேட்டுது. நீங்க ரெண்டு பேரும் பேசினது பின்பக்க ஜன்னல் வழியா நல்லாவே கேட்டுது." அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் உறுதியாக இருந்தது. "பழைய என்ஜின் எங்கன்னு கேட்டதும் கேட்டுது. இப்ப சொல்லு. மன்னிப்புக் கேக்க வந்தியா, என்ஜின் கேக்க வந்தியா?"

பெரியவன் தன் கைகளைப் பார்த்தான். உரிந்த விரலில் எண்ணெய் பட்டு எரிந்தது. லிஃப்ட் நின்றால் காரணம் சொல்லத் தெரியும் அவனுக்கு. கியர் உடைந்தால் காரணம் சொல்லத் தெரியும். அன்று சாப்பாட்டு மேசையில் தொண்டையில் சிக்கியது இன்னும் அங்கேயேதான் இருந்தது.

"ரெண்டும் இல்ல குட்டி" என்றான். "போகாதேன்னு சொல்ல வந்தேன்."

குட்டி ஜன்னலை விட்டு அவன் எதிரே வந்து நின்றாள்.

"இதைச் சொல்றதுக்கு உனக்கு ஒரு என்ஜின் எரியணுமாண்ணா?"

கீழே கார் வந்து நின்றது. ஒரு தடவை ஹாரன் அடித்தது. "குட்டி, கார் வந்துடுச்சும்மா" என்று படிக்கட்டின் அடியிலிருந்து டீச்சரின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

குட்டி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பெட்டியை எடுக்கக் கையை நீட்டினாள்.

அண்ணன் அதன் மேலிருந்து எழுந்திருக்கவில்லை.